டிஜே டீசல்பாயின் செட் நேரில் கேட்டவர்கள் இங்கே வாங்க

சவுத்ஸ்ட்ரீட்வாசி: அமெரிக்க டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்மும் கனமான பேஸும் கொண்ட மின்னணு நடன இசை) பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டீசல்பாய். இயற்பெயர் டேமியன் ஹிக்கின்ஸ். பிட்ஸ்பர்கில் தொடங்கி, பிறகு ஃபிலடெல்பியாவுக்கு வந்தவர். நான் படிக்கப் போயிருந்த காலத்தில் சவுத் ஸ்ட்ரீட் பக்கம் ஃப்ளூயிட் என்று ஒரு சின்ன கிளப் இருந்தது. அங்கேதான் அவர் செட்டை, அதாவது மேடையில் தொடர்ந்து இசைத்தட்டு ஓட்டுவதை, கேட்டேன். படியேறும்போதே பேஸ் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. நிமிடத்துக்கு 170க்கும் மேல் அடி விழும் இசைக்கு எப்படி ஆடுவது என்று விழித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் பாதிப் பேர் அதில் பாதி வேகத்தில்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். சரி, அப்படியே நாமும் என்று சேர்ந்துகொண்டேன். ஒரு டிராக்கை அவர் நிம்மதியாக ஓடவே விடவில்லை. காது அதில் ஊன்றுவதற்குள் அடுத்தது உள்ளே வந்துவிடும்.

பழையவினைல்: அந்த அவசரத்துக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது நண்பரே. இரண்டு இசைத்தட்டிலும் டிராப் (இசை ஏறி வந்து டிரம்மும் பேஸும் முழுசாக வெடிக்கும் இடம்) ஒரே நொடியில் விழ வேண்டும். டபுள் டிராப் என்போம். இந்தத் தட்டில் டிராப் வர இன்னும் 32 பார் (ஒரு பார் என்றால் நாலு அடி) இருக்கிறது, அந்தத் தட்டை எங்கே தொடங்கினால் இரண்டும் சேரும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள் (தட்டு சுழற்றும் கருவி) வாங்கி வைத்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், பொறாமையாக இருக்கும்.

அப்போது நல்ல சரக்கெல்லாம் லண்டனிலிருந்துதான் வரும். நியூயார்க்கில் டாரா, டிபி என்ற இரண்டு டிஜேக்கள் நடத்திய பிரேக்பீட் சயன்ஸ் கடையில் இறக்குமதித் தட்டுகளைப் புரட்டிக்கொண்டே மாலை போய்விடும். இன்னும் வெளிவராத டிராக் என்றால் டப்பிளேட், அதாவது டிஜேக்காகத் தனியாக வெட்டிய மென்மையான தட்டு. ஓட்ட ஓட்டத் தேய்ந்து இரைச்சல் போடும். இதில் வேடிக்கை, இந்த இசைக்கு முதுகெலும்பான 'ஏமன்' பிரேக் (டிரம் மட்டும் தனியே ஒலிக்கும் துண்டு), 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரெகரி கோல்மன் வாசித்த நாலு பார். அமெரிக்கக்காரர் வாசித்ததை லண்டன்காரர்கள் வெட்டி ஒட்டி வேகமாக்கினார்கள். அதை அமெரிக்கக்காரர்களே காசு கொடுத்து வரவழைத்தார்கள்.

ராத்திரிபஸ்: நான் பார்த்தது பிளானட் ஆஃப் த டிரம்ஸ் சுற்றுப்பயணத்தில். டீசல்பாய், ஆர்லாண்டோவின் ஏகே1200, அயர்லாந்திலிருந்து நியூயார்க் வந்த டாரா, மூவரும் ஒரே மேடையில். மைக்கில் எம்சி மெசினியன், இசைக்கு மேல் பேசிக் கூட்டத்தை ஏற்றிவிடுபவர். மூன்று பேருக்கும் மூன்று ருசி, ஆனால் டீசல்பாய் ஏறினால் கூடமே இருட்டிவிடும். அவ்வளவு கனமான ஒலி. எனக்கு எம்சி கொஞ்சம் குறைவாகப் பேசினால் பிடிக்கும், அது என் தனிப்பட்ட குறை.

மேடையைவிட அவருடைய மிக்ஸ் சிடிகள்தான் எனக்கு நெருக்கம். 2000இல் 'தி சிக்ஸ்த் செஷன்', 2002இல் 'பிராஜெக்ட் ஹ்யூமன்'. டிராக்குகளை வரிசையாக அடுக்கிய சிடி இல்லை அவை. தொடக்கம், ஏற்றம், வெடிப்பு என்று கதை மாதிரி போகும். அவருடைய 'இன்விட்' டிராக் அமெரிக்காவின் பில்போர்ட் நடன இசைத் தரவரிசையில் ஏறியபோது எங்கள் கூட்டத்துக்கே ஏதோ சொந்தக்காரர் ஜெயித்த மாதிரி இருந்தது.

சவுத்ஸ்ட்ரீட்வாசி: அவருடைய லேபிளை (இசை வெளியீட்டு நிறுவனத்தை) விட்டுவிட்டீர்களே பாஸ். 2002இல் ஹ்யூமன் இம்ப்ரின்ட் தொடங்கினார். அட்லாண்டாவின் ஈவில் இன்டென்ட் குழுவினர் அதில் இருந்தார்கள். எவுன் என்று ஒருவர் இருந்தார் இல்லையா, அவர்தான் பின்னால் கில் த நாய்ஸ் என்ற பெயரில் பெரிய ஆளானார். என் கணக்கில் டீசல்பாயின் பெரிய வேலை அதுதான். லண்டன் தட்டுக்காகக் காத்திருந்த ஊரில், இங்கேயே செய்து வெளியிட ஓர் இடம்.

பழையவினைல்: ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் செட்டில் அவர் டப்ஸ்டெப் (இதைவிட மெதுவான, பேஸ் கனத்த இன்னொரு மின்னணு இசை) கலக்க ஆரம்பித்த காலம் எனக்கு ஒட்டவில்லை. அந்தக் காலத்து செட்டை நேரில் ரசித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சண்டை போடலாம்.