என்சி ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா டெர்மினல்ல லெஸ் திறக்கணும்ங்க

கேள்வி (கணபதி, கோவை)
லேத் பட்டறை கம்ப்யூட்டருங்க, உபுண்டு. சிஎன்சி புரோகிராம் எல்லாமே .என்சி ஃபைல். டபுள் கிளிக் பண்ணினா வரி நம்பரோட லெஸ்ல (டெர்மினல்ல ஃபைலைத் திரை திரையாக் காட்டற புரோகிராம்) திறக்கணும். ஷிஃப்ட் பசங்க பார்க்கட்டும், கை தவறி மாத்திறக் கூடாது. 'ஓப்பன் வித்' பட்டியல்ல லெஸ்ஸே வரலீங்க. எங்க சேர்க்கிறது?

பதில் (பீளமேடு)
பட்டியல்ல வரணும்னா அதுக்கு ஒரு .டெஸ்க்டாப் ஃபைல் வேணுங்க. ஹோம்ல .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் உள்ள சிஎன்சிபார்.டெஸ்க்டாப்னு ஒண்ணு எழுதுங்க. முதல் வரி சதுர அடைப்புக்குள்ள 'டெஸ்க்டாப் என்ட்ரி'. கீழ டைப்=அப்ளிகேஷன், நேம்=சிஎன்சி பார், டெர்மினல்=ட்ரூ, மைம்டைப்=டெக்ஸ்ட்/எக்ஸ்-சிஎன்சி; கடைசில அரைப்புள்ளி மறக்காதீங்க. மைம்டைப்ங்கறது இது எந்த வகை ஃபைல்னு சொல்ற பேர். எக்ஸெக் வரியில லெஸ், மைனஸ் பெரிய என், அப்புறம் சதவீதக் குறியோட சின்ன எஃப் (திறக்கற ஃபைலோட பேர் வந்து உக்கார்ற இடம்). அந்த எஃப்பைச் சுத்தி மேற்கோள் போடாதீங்க, பேர்ல இடைவெளி இருந்தாலும் அதுவே பார்த்துக்கும். எல்லாமே மெஷின்ல இங்கிலீஷ்ல, பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாம.

பிறகு அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் கமாண்டுக்கு அந்த ஃபோல்டரைக் குடுத்து ஓட்டுங்க. எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் சிஎன்சிபார்.டெஸ்க்டாப் டெக்ஸ்ட்/எக்ஸ்-சிஎன்சி. முடிஞ்சுது.

பதில் (திருப்பூர்)
முடியலீங்க, பாதிதான். எக்ஸ்டிஜி-மைம் க்வெரி ஃபைல்டைப்னு ஒரு ஃபைலைக் குடுத்துப் பாருங்க. அப்ளிகேஷன்/எக்ஸ்-நெட்சிடிஎஃப்னு வரும். .என்சி முடிவு நெட்சிடிஎஃப் தரவுக் கோப்புக்கும் உண்டு, உபுண்டுவோட மைம் பட்டியல் அதுக்குத்தான் குடுத்திருக்கு. அதனால புது டைப்பை நீங்களே சொல்லணும். .லோக்கல்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் உள்ள ஒரு எக்ஸ்எம்எல். அதுல டெக்ஸ்ட்/எக்ஸ்-சிஎன்சி டைப், அதுக்குள்ள சப்-கிளாஸ்-ஆஃப் டெக்ஸ்ட்/ப்ளெயின், க்ளாப் (எந்தப் பேர் ஃபைலுக்குன்னு சொல்ற மாதிரி) ஸ்டார்.என்சி, வெயிட் 80. வெயிட் சொல்லலைன்னா 50, அதைவிடப் பெருசா இருந்தாத்தான் நம்முது ஜெயிக்கும். அப்புறம் அப்டேட்-மைம்-டேட்டாபேஸ், அதுக்குக் குடுக்க வேண்டியது மைம் ஃபோல்டர், பேக்கேஜஸ் இல்லீங்க. நிறையப் பேர் சறுக்கறது இங்கதான்.

பதில் (பெருந்துறை)
ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா கை தவறி மாறறது இன்னும் அடைபடலைங்க. லெஸ்ல வி அமுத்தினா எடிட்டர் திறந்துக்கும். எக்ஸெக் வரிய 'என்வி லெஸ்செக்யூர்=1 லெஸ்...'னு ஆரம்பிச்சா வி-யும் ஷெல்லுக்குப் போற ஆச்சரியக்குறியும் செத்துப்போகும்.

சின்ன புரோகிராம் மட்டும் மின்னி மறைஞ்சா, லெஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல பெரிய எஃப் ஒளிஞ்சிருக்கும். ஒரே திரையில அடங்கினா வெளிய போயிரும். எக்ஸெக்ல மைனஸ், ப்ளஸ், பெரிய எஃப் சேர்த்தா அது ரத்து.

வரி எண்ணறது மாதிரி ஓடினதும் முடியற கமாண்டுன்னா ஜன்னலும் கூடவே மூடிக்கும். அதை எக்ஸெக் வரியிலயே திணிக்காதீங்க, டாலர் குறிக்கெல்லாம் தனி தப்பிப்பு வேணும். கடைசில ரீட் (என்டர் அமுத்தற வரைக்கும் காத்திருக்கற கமாண்டு) இருக்கற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி, ஓடற அனுமதி குடுத்து, முழுப் பாதையும் போடுங்க. டில்டே (ஹோமைக் குறிக்கற அலைக்குறி) போட்டா விரியாது. புரோகிராம் கிடைக்கலைன்னு அந்தப் பதிவையே சத்தமில்லாம பட்டியல்ல இருந்து விட்டுரும்.

கேள்வி கேட்டவர்
நெட்சிடிஎஃப்னேதான் வந்துச்சுங்க. வெயிட் 80 போட்டதும் திறக்குது. வி-யும் வேலை செய்யல, சரிங்க.