எஸ்எஸ்எச் வழியாக மட்: தமிழ் எழுத்துகள் தெரியவில்லை

கேள்வி: வீட்டுக் கணினியில் மட் (கறுப்புத் திரையில் எழுத்தாகவே ஓடும் மின்னஞ்சல் நிரல்) வைத்திருக்கிறேன். ஐமேப் (சேவையகத்தில் உள்ள அஞ்சலைப் படிக்கும் முறை), 993 போர்ட், எல்லாம் சரி. வெளியூரிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழைந்தால் அம்மாவின் கடிதம் முழுக்கக் கேள்விக்குறிகள். இணைப்பும் அடிக்கடி அறுந்து, எழுதிக்கொண்டிருக்கும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. மனம் வெறுத்துப்போகிறது.

பதில் 1: 'லோகேல்' (கணினியின் மொழி, எழுத்து அமைப்பைக் காட்டும்) கட்டளையைத் தட்டிப் பாருங்கள். 'போசிக்ஸ்' (தமிழ் எழுத்துகளை அறியாத அடிப்படை அமைப்பு) என்று வந்தால் அதுதான் காரணம். யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் முறை) உள்ள லோகேலுக்கு மாற்றுங்கள். மட் அமைப்புக் கோப்பில் கை வைக்க வேண்டாம். எழுத்துக் குறியாக்கத்தை அது லோகேலிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பதில் 2: மட் நிரலை வீட்டுக் கணினியில் டிமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் நிரல்களை ஓடவிட்டு வைத்திருக்கும் கருவி) திறவுங்கள். இணைப்பு அறுந்தாலும் மீண்டும் நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தால், விட்ட சொல்லிலேயே கர்சர் காத்திருக்கும். கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதாதீர்கள், ஜிபிஜியால் (கோப்புகளை மறையாக்கம் செய்யும் நிரல்) பூட்டுங்கள்.

கேட்டவர்: போசிக்ஸ்தான்! மாற்றிவிட்டேன். கறுப்புத் திரையில் 'சாப்பிட்டாயா கண்ணு' என்று முதல் வரி தெளிவாக நிற்கிறது. இருவருக்கும் நன்றி.