பிரஷ்: தூரிகையா, உரசியா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்னியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில், மோட்டாருக்கு மின்னோடி, சுருளில் மின்சாரம் ஓடும் திசையை மாற்றும் வளையமான கம்யூட்டேட்டருக்குத் திசைமாற்றி என்று ஏற்றுக்கொண்டோம். அந்தத் திசைமாற்றியைத் தொட்டுக்கொண்டே சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷுக்கு மட்டும் முடிவு இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாடநூலில் பழகிய 'தூரிகை'யே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் மின்னணுச் செய்முறை சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பொம்மை மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினால், அதன் உட்புறத்தில், திசைமாற்றியை இருபுறமும் அழுத்தும் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே "தூரிகை எங்கே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வண்ணம் தீட்டுவதுதான் அவர்களுக்குத் தூரிகை. தொடக்ககால மின்னாக்கிகளில் (டைனமோ) செம்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி வைத்தார்கள், அதனால் அந்தப் பெயர் பொருந்தியது. 1885இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் அதற்குக் கரிமத்தை (கார்பன்) பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அப்புறம் கற்றை போய்க் கரிமக் கட்டை வந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

என் பரிந்துரை 'மின்னுரசி'. முதலில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு 'உரசி' என்றாலே போதும். எனாமல் கம்பிச் சுருளை இரண்டு ஊக்குகளில் தொங்கவிட்டுப் பிள்ளைகள் மோட்டார் செய்வார்களே, அங்கே ஊக்குதான் உரசி. 'தூரிகை' அங்கே ஒட்டவே ஒட்டாது. உரசுவதால் தேய்கிறது, உரசும் இடத்தில் பொறி பறக்கிறது. அந்தப் பொறியின் இரைச்சல் பக்கத்திலிருக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையைக் குழப்பாமலிருக்க மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பற்றவைக்கிறோம். இத்தனையையும் அந்த ஒரு வினையிலிருந்தே விளக்கிவிடலாம்.

மிக்ஸி பழுதுபார்ப்பவர்கள் 'கார்பன் தேஞ்சுபோச்சு' என்பதை வைத்து 'கரிக்கட்டை' என்றார் நண்பர் ஒருவர். மிக்ஸிக்குச் சரி, உலோகத் தகடு உள்ள பொம்மை மோட்டாருக்கு ஆகாது. தொடுவது என்ற பொருளில் 'தொடி' என்றாலும் அழகான சொல்தான், ஆனால் அது வளையல்; பக்கத்திலேயே வளையம் போன்ற திசைமாற்றி இருக்கும்போது பிள்ளைகள் அதைத்தான் தொடி என்பார்கள்.

'உரசி' வினையெச்சமாகவும் வருமே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் மாற்றி, இயக்கி, ஒட்டி எல்லாமே அப்படித்தான். மின்மாற்றி என்றதும் யாரும் எச்சமா பெயரா என்று குழம்புவதில்லை.

இனி பிரஷ்லெஸ், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார். கணினியின் குளிர்விசிறியைப் பிரித்துக் காட்டினால் எளிதில் புரியும். பொம்மை மோட்டாரில் காந்தம் நிற்க, சுருள் சுழல்கிறது. விசிறியில் சுருள் நிற்க, காந்தம் இறக்கைகளோடு சுழல்கிறது. சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டியதில்லை என்பதால் உரசியும் வேண்டாம். காந்தம் இருக்கும் நிலையை, காந்தப்புலத்தை உணரும் ஹால் உணரி சொல்ல, மின்சுற்றே திசையை மாற்றிவிடுகிறது. ஆகவே 'உரசியில்லா மின்னோடி'.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. நம் வீடுகளில் சுற்றும் பழைய சீலிங் ஃபேன், தூண்டல் மின்னோடி (இண்டக்‌ஷன் மோட்டார்). அதிலும் உரசி கிடையாது. எனவே புது பிஎல்டிசி (பிரஷ்லெஸ் டிசி, டிசி என்பது நேர்மின்னோட்டம்) விசிறியைத் தனித்துக் காட்ட 'உரசியில்லா நேர்மின்னோடி' என்றுதான் சொல்ல வேண்டும். 'நேர்மின்' என்றால் பாசிட்டிவ் என்று சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த 'நேர்மின்' பகுதிக்கு வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.