போலந்து யூதர்களுக்கு ஜெர்மன் குடும்பப் பெயர்கள் வந்தது எப்படி?

வாசுகி:
ஐரோப்பிய வரலாற்று நூல்களில் ரோசன்பெர்க், கோல்ட்ஸ்டைன், கட்ஸ், ஷபிரோ போன்ற யூதக் குடும்பப் பெயர்களை அடிக்கடி காண்கிறேன். போலந்திலும் உக்ரைனிலும் வாழ்ந்தவர்களுக்குக்கூட ஜெர்மன் ஒலியுடைய பெயர்கள் அமைந்தது ஏன்? இவை தொன்மையானவையா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சேதுராமன்:
பெரும்பாலானவை அரசாணையால் வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அப்பகுதி யூதர்களுள் மிகப் பலர், நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டுக்கொள்வதைப் போல, இன்னாரின் மகன் இன்னார் என்றே அறியப்பட்டனர். வரி வசூலுக்கும் படைக்கு ஆள் சேர்க்கவும் நிலையான பதிவு தேவைப்பட்டதால், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, யூதர்கள் அனைவரும் மாறாத குடும்பப் பெயரை ஏற்க வேண்டுமென்று 1787இல் ஆணையிட்டார். இன்றைய தெற்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் அடங்கிய கலீசியா அப்போது அவருடைய ஆட்சியில் இருந்தது. பதிவேட்டின் மொழி ஜெர்மன். ரோஜா மலை எனப் பொருள்படும் ரோசன்பெர்க், பொற்கல் எனப் பொருள்படும் கோல்ட்ஸ்டைன் முதலிய அலங்காரப் பெயர்கள் இவ்வாறுதான் பெருகின. அவற்றின் பொருளில் குடும்ப வரலாற்றைத் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சியே. ரஷ்யா 1804இலும் பிரான்ஸ் 1808இலும் பிரஷ்யா 1812இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

நசீமா:
ஐயா கூறியது சரியே. ஆயினும் கட்ஸும் ஷபிரோவும் அவ்வகையில் சேரமாட்டா. கட்ஸ் என்பது ஜெர்மன் சொல்லைப் போலத் தோன்றினாலும், நீதியின் குரு எனப் பொருள்படும் 'கோஹென் ட்செதெக்' என்ற எபிரேயத் தொடரின் சுருக்கம். மோசேயின் அண்ணன் ஆரோனின் வழிவந்த, கோவில் வழிபாட்டை நடத்திய குருமார் குடும்பம் என்பதை அது உணர்த்துகிறது. அக்குடும்பத்தார் கல்லறைகளில், ஆசி வழங்க விரல்களைப் பிரித்து உயர்த்திய இரு கைகளைச் செதுக்கியிருப்பார்கள்; கோவில் பணியில் குருமாருக்குத் துணைநின்ற லேவியர் மரபினரின் கல்லறைகளில் நீர்க்குவளை இருக்கும். ஷபிரோ, ரைன் நதிக்கரையிலுள்ள ஸ்பையர் நகரத்தின் பெயரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது.

தாய்வழிப் பெயர்களையும் இங்கே அவசியம் சொல்ல வேண்டும். ரஷ்யப் பேரரசின் மொகிலேவ் மாநிலத்தில் (இன்றைய பெலாரஸ்) ரிவ்காவின் வழியினர் ரிவ்கின் என்றும், த்வோராவின் வழியினர் த்வோர்கின் என்றும், மல்காவின் வழியினர் மல்கின் என்றும் பதிவாயினர். ஆண்களின் பெயரே முன்னிற்கும் அரசுப் பதிவேடுகளில் பாட்டிமார் பெயர் குலப்பெயராக நிலைத்தது, உரிய கவனம் பெறாத அரிய செய்தி என்பேன்.

வாசுகி:
இருவருக்கும் நன்றி. ரோசன்பெர்க் என்ற பெயரை மட்டும் வைத்து ஒருவரை யூதர் எனக் கொள்ளலாமா?

சேதுராமன்:
கூடாது, அம்மா. யூத வெறுப்பைக் கோட்பாடாக்கிய நாஜித் தலைவர் ஆல்பிரட் ரோசன்பெர்க் யூதர் அல்லர். அப்பெயர் பிற ஜெர்மானியரிடமும் உண்டு. பிறப்பு, திருமணப் பதிவேடுகளையும், தந்தை பெயரோடு எபிரேயத்தில் பொறித்த கல்லறை வாசகத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.