பயோஇங்க்கில் செல்கள் கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன, ஊசி அடைக்கிறது. உதவுங்கள்

ஒரத்தநாடு_மாணவி

வணக்கம். தஞ்சாவூரில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். 3% ஆல்ஜினேட் (கடற்பாசிப் பசை), 5% ஜெலட்டின் கலந்த பயோஇங்க்கில், அதாவது உயிருள்ள செல்களைச் சேர்த்து முப்பரிமாணமாக அச்சிடும் கூழில், எல்929 எலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களைப் போட்டு அச்சிடுகிறேன். ஒரு மில்லிக்கு 50 லட்சம் செல்கள். 27 கேஜ் ஊசி, உள்விட்டம் 0.21 மில்லிமீட்டர்.

முதல் இரண்டு அடுக்கு நன்றாக வருகிறது. அப்புறம் ஊசி அடைக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழையில் ஓர் இடத்தில் 30, 40 செல்கள் ஒட்டிக் கிடக்கின்றன, பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நாற்றங்காலில் விதையைக் கை வீசித் தெளிக்காமல் ஒரே இடத்தில் கொட்டியது போல. மூன்று வாரமாக இதே கதை. ஒவ்வொரு முறையும் நான்கு ஃபிளாஸ்க் செல்கள் வீணாகின்றன, மனசு கேட்கவில்லை.

ஃபிளாஸ்க்கில் ஒட்டி வளர்ந்த செல்களை டிரிப்சின் (ஒட்டிய செல்லை உரிக்கும் நொதி) போட்டு எடுத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, டிஎம்இஎம் மீடியத்தில் (செல் வளர்ப்பு ஊட்டக் கரைசல்) கரைத்து, பிப்பெட்டால் இங்க்கில் கலக்கிறேன். இங்க்கை நிரப்பும் கார்ட்ரிட்ஜ் 37 டிகிரியில் இருக்கும்.

காவிரிக்கரை

அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தீர்களா? எனக்கு அடைப்பு அப்படித்தான் விலகியது.

திருச்சி_செல்லாய்வு

அழுத்தத்தைக் கூட்டாதீர்கள் தங்கச்சி. ஊசிக்குள் உரசல் கூடினால் செல்கள் உடையும். உடைந்த செல்லிலிருந்து வெளியே வரும் டிஎன்ஏ பசை போல. அதுவே அடுத்த திரளுக்கு வித்து.

முதலில் ஒரு சோதனை. செல்லே போடாமல், அதே அளவு மீடியத்தை மட்டும் இங்க்கில் கலந்து அச்சிடுங்கள். அப்போதும் கட்டி வந்தால் தப்பு இங்க்கில்: ஆல்ஜினேட் தூள் முழுக்க ஊறாமல் இருந்திருக்கும், அல்லது கால்சியம் பட்டு அங்கங்கே உறைந்திருக்கும். டிஎம்இஎம்மிலேயே 1.8 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. ஆல்ஜினேட்டைக் கட்டிப்படுத்துவது கால்சியம்தான், செல்லும் செல்லும் பற்றிக்கொள்ள உதவுவதும் அதுவே. அதனால் செல்களைக் கரைக்க கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ்ஸே (பாஸ்பேட் உப்புக் கரைசல்) நல்லது.

கட்டி வராவிட்டால் செல்களைப் பாருங்கள். கலப்பதற்கு முன் ஒரு துளி எடுத்து டிரிப்பான் புளூ (செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம்) போட்டுப் பாருங்கள். இங்க்குக்குள் போகும் முன்பே செல்கள் ஒட்டியிருக்கின்றனவா, எத்தனை நீலமாகின்றன என்று தெரிந்துவிடும். பலர் இதைத் தாண்டிப் போய் இங்க்கையே குறை சொல்கிறார்கள். கடைசியாக, ஃபிளாஸ்க் எவ்வளவு நிறைந்தபோது செல்களை எடுத்தீர்கள்?

ஒரத்தநாடு_மாணவி

அக்கா, நன்றி. வெறும் இங்க் கண்ணாடி மாதிரி வந்தது, ஒரு கட்டி இல்லை. அதனால் செல்கள்தான். டிரிப்பான் புளூவில் நான்கில் ஒரு பங்கு நீலம். பிப்பெட்டில் இழுத்தால் சளி போல நூலாக வருகிறது.

ஃபிளாஸ்க் பற்றிக் கேட்டதும்தான் உறைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தேன். செல்கள் ஃபிளாஸ்க்கின் அடிப்பரப்பை முழுக்க மூடி, மேலும் வளர்ந்து கிடந்தன. உரியவில்லை என்று டிரிப்சினை 12 நிமிடம் வைத்தேன். அதற்கு முந்தைய இரண்டு முறையும் ஏறக்குறைய இப்படித்தான்.

திருச்சி_செல்லாய்வு

அதுதான் காரணம். மூடி வளர்ந்த செல்கள் பாய் மாதிரி சேர்ந்தே உரியும். அதை விடுவிக்க டிரிப்சினை நீட்டினால் சாகும். 70 முதல் 80 சதவீதம் நிறைந்தபோதே எடுங்கள். டிரிப்சினுக்கு முன் பிபிஎஸ்ஸால் நன்றாகக் கழுவுங்கள், மீடியத்திலிருந்து மிச்சமிருக்கும் சீரம் (இரத்தநீர்) டிரிப்சினை முடக்கிவிடும். செல்கள் உருண்டதும் ஃபிளாஸ்க்கைத் தட்டி, சீரம் சேர்த்து நிறுத்துங்கள்.

பிறகு 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். இங்க்கில் பிப்பெட் வேண்டாம், அந்தக் கெட்டித்தன்மையில் செல்கள் பரவாது. இரண்டு சிரிஞ்சை லூயர் இணைப்பியால் சேர்த்து, ஒரு பங்கு செல் கரைசலுக்குப் பத்துப் பங்கு இங்க் என்று மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். காற்றுக் குமிழி நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடந்தை_மருந்தியல்

நூல் மறுபடி வந்தால் டிஎன்ஏஸ்-1 (டிஎன்ஏவை வெட்டும் நொதி) சேர்க்கலாம். ஒன்று கவனியுங்கள்: அந்த நொதி வேலை செய்ய மக்னீசியமும் கால்சியமும் தேவை. இடிடிஏ (அந்த இரண்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள்) இருக்கும் கரைசலில் ஊற்றிவிட்டுப் பயனில்லை என்று சொல்லாதீர்கள் (நானே ஒரு மாதம் அப்படித் தடுமாறினேன்). முதலில் டிஎன்ஏஸ், கழுவல், அதன் பின் கால்சியம் இல்லாத பிபிஎஸ்.

ஒரத்தநாடு_மாணவி

இன்று 75 சதவீதத்தில் எடுத்தேன். டிரிப்சின் மூன்று நிமிடம்தான். நூல் இல்லை, நீலம் மிகக் குறைவு. ஊசி ஒரு தடவைகூட அடைக்கவில்லை! ஆனால் 40 நிமிடம் கழித்து அச்சிட்ட துண்டுகளில் செல்கள் குறைந்துவிட்டன. ஆரம்பத்தில் நிறைய, கடைசியில் கொஞ்சம்.

திருச்சி_செல்லாய்வு

சந்தோஷம். இது திரள் இல்லை, படிவு. 37 டிகிரியில் ஜெலட்டின் தண்ணீராக இளகிவிடும், செல்கள் கீழே ஊசிப்பக்கம் இறங்கிவிடும். திரளாக இருந்தால் இன்னும் வேகம்: விட்டம் இரட்டித்தால் இறங்கும் வேகம் நான்கு மடங்கு. கார்ட்ரிட்ஜை 25 டிகிரி பக்கம் கொண்டுவந்து இழை சீராக வருகிறதா பாருங்கள். இங்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்ட்ரிட்ஜில் ஏற்றி, ஒவ்வொன்றையும் 15 நிமிடத்துக்குள் முடியுங்கள்.

ஒரத்தநாடு_மாணவி

சரி அக்கா. நாளைக்கே 25, 27 இரண்டு சூட்டிலும் அச்சிட்டு, முதல் துண்டையும் கடைசித் துண்டையும் எண்ணிப் போடுகிறேன்.