ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு: ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தன. யாருக்காவது இப்படி?

வைவாக்ஸ் வகை மலேரியா வந்து காய்ச்சல் அடங்கியதும், கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமிக்காக பிரைமாகுவின் கொடுத்தார்கள். சில நாளிலேயே சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண்ணில் மஞ்சள், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜி6பிடி பார்த்தார்கள், நார்மல்! டாக்டர் நம்பவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். அப்போது நன்றாகவே குறைந்திருந்தது. எது சரி என்று இன்னும் குழப்பம்.

*

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இதை அடிக்கடி பார்க்கிறோம். இரண்டாவது ரிப்போர்ட்தான் சரி.

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது உருவாக்குவது 515 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நொதி. ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தாங்க என்ஏடிபிஎச் என்ற பொருள் அணுவுக்கு வேண்டும். சிவப்பணுவுக்கு அதைத் தருவது இந்த நொதி தொடங்கிவைக்கும் பாதை மட்டும்தான், மற்ற அணுக்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு இதில் கிடையாதே. உட்கருவும் இல்லாததால் புதிதாக நொதி செய்யவும் முடியாது. பிறக்கும்போது இருந்த சரக்கை வைத்தே சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும். குறைபாடுள்ளவர்களில் பலருக்கு அந்தப் புரதம் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே பிரைமாகுவின் போன்ற மருந்து உள்ளே போனதும் வயதான அணுக்கள் முதலில் உடைகின்றன. மிஞ்சுவது இளசுகள், அவற்றில் நொதி இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த ரத்தம் நார்மல் என்றுதான் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் இதே கதை.

1956-இல் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்ததே பிரைமாகுவின் ஒத்துக்கொள்ளாதவர்களை ஆராய்ந்தபோதுதான். மாத்திரைக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும், அதைச் செய்யாததுதான் எனக்குக் கோபம்.

*

அண்ணா, என் பையனுக்குப் பிறந்தவுடனேயே தெரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போக, நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அந்துருண்டை போட்ட அலமாரித் துணியை அவனுக்குப் போடக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார், நாப்தலீன் ஆகாதாம். சொந்தக்காரர்கள் எல்லாப் பயறையும் நிறுத்தச் சொல்லிப் படுத்தினார்கள். ஃபாவா பீன்ஸ் என்ற அவரை வகைதான் உண்மையான வில்லன்.

எனக்கு சாதாரண பரிசோதனையில் நார்மல், மரபணுப் பரிசோதனையில்தான் மாட்டியது. பெண்களுக்கு ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்றுதான் வேலை செய்யுமாம். அதனால் நல்ல அணுவும் குறையுள்ள அணுவும் கலந்தே ஓடும். அக்கா தங்கைகளையும் நொதியின் அளவு காட்டும் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.

*

மிக்க நன்றி இருவருக்கும். தங்கையிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மலேரியா திரும்ப வந்தால், கண்காணிப்போடு வாரம் ஒரு முறை என்று 8 வாரம் பிரைமாகுவின் தரலாம் என்கிறார் டாக்டர். அப்படி எடுத்தவர்கள் இருந்தால், ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கியது என்று சொல்லுங்களேன்.