பாட்டுக்கும் போனுக்கும் ஒரே ஹெட்போன், 20,000க்குள்ள எது எடுக்கலாம்? காத்துல நின்னு பேசணும், அதான் பிரச்சனை

ஏலத்தட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பத்துல ஒரு ஏலக்கா கடையில வேலை பாக்குறேன், வாரத்துல பாதி நாள் கம்பம்மெட்டு மலை ஏறி கேரளாவுல வண்டன்மேடு, புத்தடி பக்கம் போயிட்டு வரணும், மீதி நாள் கடையில லேப்டாப் முன்னாடி. போன் காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஓயாது, தோட்டக்காரங்க மலையாளத்துல, போடி பார்ட்டிங்க தமிழ்ல, வடக்க இருந்து வாங்குறவங்க ஹிந்தியில, எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "என்ன அங்க ஒரே இரைச்சலா இருக்கு?"

இப்ப ஒரு நெக்பேண்ட் வச்சிருக்கேன், கம்பெனி பேர் வேணாம். எனக்கு அவங்க பேசுறது நல்லா கேக்குது, நான் பேசுறது தான் அவங்களுக்கு கேக்கல. ஆனி ஆடி மாசத்துல மேட்டுல நின்னா காத்து ஆளையே தள்ளும், உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு, கடையில இருக்கும்போது லேப்டாப்புல பாட்டு கேட்டா சில நேரம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிருது, அணைச்சு போட்டா சரியாகுது, மறுபடி வந்துருது. நைட்டு படுக்குறப்பயும் பஸ்லயும் ராஜா பாட்டு தான், அதனால சவுண்டுல குறை வைக்க விருப்பமில்ல.

ஏஎன்சி, அதான் இரைச்சலை அமுக்குற வசதி, இருக்குறதா பாத்து வாங்குனா இரைச்சல் பிரச்சனை தீந்துருமா? எல்டேக் இருக்கணும்னு ஒரு பய சொல்றான், அது என்னன்னு வெளங்கல. போன் ஆண்ட்ராய்டு. பட்ஜெட் 20,000, அதுக்கு மேல வீட்டுல விடமாட்டாங்க.

வயரு_பிஞ்சவன்:
ப்ரோ யோசிக்கவே வேணாம், சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. ஆஃபர் வர்றப்ப பாத்து எடுங்க. எல்டேக் இருக்கு, ஏஎன்சி செம, 30 மணி நேரம் சார்ஜ் நிக்கும், மடிச்சு பைக்குள்ள போட்டுக்கலாம். முடிஞ்சது.

பழைய_ரேடியோ:
முடியல தம்பி. அவர் கேட்டது அவங்களுக்கு கேக்கணும்னு, நீங்க சொல்றது இவருக்கு கேக்குறதுக்கு.

ஏலத்தட்டை, முதல்ல இத மனசுல வச்சுக்கங்க. ஏஎன்சி உங்க காதுக்கு. வெளிய வர்ற சத்தத்தை மைக்ல எடுத்து அதுக்கு நேர் எதிரான அலையை உள்ள விட்டு அமுக்குது, அதுவும் பஸ் இஞ்சின், ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற தடிச்ச சத்தத்துக்கு தான் நல்லா வேலை செய்யும், ஹாரனும் பக்கத்து சீட்டு ஆள் பேச்சும் வந்துக்கிட்டே தான் இருக்கும். எதிர்ப்பக்கம் கேக்குறவருக்கு இதனால காசுக்கு பிரயோஜனம் இல்ல. அவருக்கு உதவுறது மைக்ல வர்ற இரைச்சலை வடிகட்டுற வேலை, டப்பாவுல ஈஎன்சின்னு போட்டிருப்பான், கடைக்காரர் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லித்தான் விப்பாரு.

பெரிய ஹெட்போன்ல மைக் எங்க இருக்கு? காதுக்கு வெளிய, அந்த கப்புல. வாய்க்கும் அதுக்கும் ஒரு சாண் தூரம். ரெண்டு மூணு மைக் வச்சு எந்தப் பக்கம் இருந்து பேச்சு வருதுன்னு கணக்கு போட்டு மத்ததை தள்ளிவிடும், டீக்கடை சத்தத்துல இது ஓகே. காத்து வேற விஷயம். காத்து தூரத்துல இருந்து வர்ற சத்தம் இல்ல, ஒவ்வொரு மைக் ஓட்டையிலயும் தனித்தனியா வந்து மோதி அங்கயே சத்தம் உண்டாக்குது, ஒரு மைக்குக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது, அதனால அந்த கணக்கெல்லாம் அங்க படுத்துரும். கம்பம்மெட்டுல எக்ஸ்எம்4 மாட்டிக்கிட்டு விலை பேசுனீங்கன்னா போடிக்காரர் போனை வச்சிருவாரு. அதுக்கு அடுத்த எக்ஸ்எம்5ல 8 மைக் இருக்கு, கால் நல்லாவே பெட்டர், ஆனா பட்ஜெட் தாண்டும், ஆடிக்காத்துக்கு அதுவும் தாங்குமான்னு கேட்டா தாங்காது.

மைக் வாய்க்கு பக்கத்துல வந்தா தான் வழி. தூரம் பாதியானா உங்க குரல் 6 டெசிபல் ஏறும், காத்து அப்படியே தான் இருக்கும். குச்சி மாதிரி மைக் நீட்டிக்கிட்டு இருக்குற ஹெட்செட்டை கால் சென்டர்லயும் லாரிக்காரங்ககிட்டயும் பாக்குறீங்களே, காரணம் இது தான், ஸ்டைல் இல்ல.

குமுளிக்காரன்:
ரேடியோ அண்ணன் சொன்னது சரி. நான் குமுளியில ஜீப் ஓட்டுறேன், கீழ லோயர்கேம்ப்புக்கும் மேல குமுளிக்கும் நாள் பூரா நடை தான். ஒண்ணு கேக்குறேன், உங்களுக்கு கால் மோசமாகுறது எங்கயும் ஒரே மாதிரியா, இல்ல மேல ஏறுனதுக்கு அப்புறம் மட்டுமா? ஏன்னா பார்டர்ல போன் தமிழ்நாடு டவருக்கும் கேரளா டவருக்கும் மாறிக்கிட்டே கெடக்கும், அந்த வளைவுல எல்லாம் கால் கட்டாகுறது ஹெட்போன் குத்தம் இல்ல. எங்க ஆளு ஒருத்தர் இதுக்காக மூணு நெக்பேண்ட் மாத்துனாரு, கடைசியில சிம்மை மாத்துன பிறகு தான் சேட்டன் அமைதியானாரு.

4ஜில வோல்டீ கால், அதாவது 4ஜி வழியாவே போற கால், ஓடுனா குரல் தெளிவா போகும், மேல போயி 2ஜிக்கு இறங்குச்சுன்னா எவ்வளவு விலை போட்டு வாங்குனாலும் மூக்கடைச்ச குரல் தான். பேசுறப்ப போன் திரையில மேல 4ஜின்னு இருக்கா, இல்ல 2ஜிக்கு வர்ற ஈ (E) எழுத்து இருக்கான்னு பாருங்க.

ஏலத்தட்டை:
அட, இப்படி யோசிக்கல. எப்படி பிரிச்சு கண்டுபிடிக்கிறது? எது காத்து எது டவர்னு.

பழைய_ரேடியோ:
வீட்டுக்குள்ள ஃபேனை அணைச்சிட்டு வைஃபைல வாட்ஸ்அப் கால் போட்டு யாரையாவது கேக்க சொல்லுங்க, நெக்பேண்ட் மாட்டிக்கிட்டு தான். தெளிவா இருந்தா மைக் செத்துப் போகல. அப்புறம் அதே ஆளுக்கு மொட்டை மாடியில காத்து அடிக்கிறப்ப அதே வைஃபைல பேசுங்க, அப்ப இரைச்சல் வந்தா அது காத்து. மேட்டுல ஜீப்புக்குள்ள கண்ணாடிய ஏத்திக்கிட்டு சாதா கால் பேசுங்க, அப்பயும் மோசம்னா டவர். வாய்ஸ் நோட் போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, நிறைய போன்ல வாய்ஸ் நோட்டுக்கு ப்ளூடூத் மைக்கை எடுக்காது, போன் மைக்கையே எடுத்துக்கிட்டு எல்லாம் சூப்பர்னு ஏமாத்தும்.

நெக்பேண்ட் மைக் சட்டை காலர்ல உரசுதான்னும் பாருங்க. பாதி இரைச்சல் அது தான்.

தேனிக்காத்து:
அந்த கிணத்து சவுண்டுக்கு யாரும் பதில் சொல்லலயே, அது எனக்கு நல்லா தெரிஞ்ச வியாதி, நான் ஐடி சப்போர்ட்ல இருக்கேன்.

ப்ளூடூத்ல பாட்டுக்கு ஒரு வழி, போன் பேச வேற வழி, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடாது. பாட்டு வழியில ஸ்டீரியோ வரும், எஸ்பிசி, ஏஏசி, எல்டேக் எல்லாம் பாட்டை சுருக்கி அனுப்புற முறைங்க, அதெல்லாம் இங்க தான். ஹெட்செட் மைக்கை எந்த ஆப்பாவது தொறந்துச்சுன்னா ஹெட்செட் உடனே பேச்சு வழிக்கு தாவிரும், அது மோனோ, செகண்டுக்கு 8,000 இல்ல 16,000 சாம்பிள் தான், பாட்டுக்கு சாதாரணமா 44,100. அந்த வழியில புல்லாங்குழலும் வயலினும் எங்க இருந்து கேக்கும்? இது எந்த விலை ஹெட்போன்லயும் நடக்கும், எல்ஈ ஆடியோன்னு புதுசா ஒண்ணு 2020ல அறிவிச்சிருக்காங்க, அது இதுக்கு மருந்து, ஆனா போனும் ஹெட்போனும் லேப்டாப்பும் எல்லாமே அதை சப்போர்ட் பண்ணணும், அதை நம்பி இப்ப வாங்காதீங்க.

உங்க கேஸ்ல என் சந்தேகம் லேப்டாப் மேல. லேப்டாப்புல மீட்டிங் ஆப் ஏதாவது பின்னாடி தொறந்து கெடந்தா அது மைக்கை புடிச்சு வச்சிக்கிட்டே இருக்கும், அதுல பாட்டு போட்டாலும் ஹெட்செட் பேச்சு வழியில மாட்டிக்கிட்டு நிக்கும். ஆப்பை முழுசா மூடிப் பாருங்க.

ஏலத்தட்டை:
அண்ணே கால்ல விழறேன்! மீட்டிங் ஆப் தான், கடை ஆடிட்டரோட பேசுறதுக்கு போட்டது, மூடுனா கூட கீழ ஓரத்துல ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அதை வெளியேத்துன உடனே பாட்டு பளிச்சுனு வந்துருச்சு.

மத்த டெஸ்டும் பாத்தேன். வீட்டுக்குள்ள தெளிவு. மாடியில காத்துல எங்க மச்சான் "ஒண்ணுமே வெளங்கல"ன்னுட்டாரு. மேட்டுல கண்ணாடி ஏத்திக்கிட்டு பேசுனப்ப கொஞ்சம் அடைச்ச மாதிரி, ஆனா வார்த்தை புரிஞ்சுச்சு, மேல பாத்தா ஈ தான் இருந்துச்சு குமுளி அண்ணே. ஆக காத்தும் இருக்கு டவரும் இருக்கு. சரி இப்ப எதை வாங்க?

பழைய_ரேடியோ:
ஒண்ணு வாங்காதீங்க, ரெண்டு வாங்குங்க. 20,000ஐ ரெண்டா பிரிங்க.

பேச்சுக்கு பாலி வாயேஜர் 5200. முன்னாடி பிளான்ட்ரானிக்ஸ்னு இருந்தது, இப்ப எச்பிகிட்ட இருக்கு. ஒத்தக் காதுல மாட்டுறது, குட்டி மைக் குச்சி கன்னத்து பக்கம் நீட்டி இருக்கும், 4 மைக், காத்துக்குன்னே தனியா வேலை செஞ்சிருக்காங்க, 20 கிராம் எடை, 7 மணி நேரம் பேசலாம். தூறல், வேர்வைக்கு கோட்டிங் இருக்கு. இன்னொரு காது காலியா இருக்கும், பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா கேக்கும், மலைப்பாதையில அது முக்கியம். பாட்டு இதுல கேக்காதீங்க, ஒத்தக் காது தான். பாக்க கொஞ்சம் பழைய மாடல் மாதிரி இருக்கும், சார்ஜ் போடுற ஓட்டையும் மைக்ரோ யுஎஸ்பி தான், டைப்-சி எதிர்பாக்காதீங்க.

பாட்டுக்கு சோனி டபிள்யூஎச்-சிஎச்720என். 192 கிராம், தலையில இருக்குறதே தெரியாது, ஏஎன்சி போட்டு 35 மணி நேரம். பஸ்ல வால்யூம் ஏத்தாமயே கேக்கலாம், அது தான் ஏஎன்சியோட உண்மையான லாபம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரைக்கும் தான் பத்திரம்னு சொல்லுது, பஸ் இரைச்சலுக்கு மேல பாட்டை ஏத்துனா அதை சுலபமா தாண்டிருவோம்.

வயரு_பிஞ்சவன்:
ஆனா அதுல எல்டேக் இல்லயே அண்ணே. எக்ஸ்எம்4ல செகண்டுக்கு 990 கிலோபிட் (கேபிபிஎஸ்) வரைக்கும் போகும்.

பழைய_ரேடியோ:
போகும். எதுல போகும்? தம்பி கேக்குறது ராஜா பாட்டு, நம்ம பண்ணைப்புரத்துக்காரர், கம்பத்துல இருந்து கூப்பிடு தூரம், அவர் மேல எனக்கும் பக்தி தான். ஆனா யூடியூப்ல யாரோ தேஞ்ச கேசட்டுல இருந்து ஏத்துன பாட்டு தானே முக்கால்வாசி பேர் கேக்குறோம்? அது வர்றதே 130, 160 கேபிபிஎஸ் தான், இல்லாததை எல்டேக் எங்க இருந்து கொண்டு வரும். கம்பெனி ரெக்கார்டுல இருந்து நல்லா எடுத்த சிடியோ, தரம் குறையாத ஃபிளாக் ஃபைலோ வச்சிருந்தா சொல்லுங்க, அப்ப எக்ஸ்எம்4 பத்தி பேசுவோம். அப்பயும் எக்ஸ்எம்4ல போன், லேப்டாப் ரெண்டையும் சேர்த்து கனெக்ட் பண்ணா எல்டேக் வராது, ரெண்டுல ஒண்ணு தான்.

காதுல எப்படி உக்காருது, பேஸ் எப்படி ட்யூன் பண்ணிருக்கான், இதுல தான் சவுண்டு மாறும். 720ல வாங்குன உடனே பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கும், சோனி ஆப்புல ஈக்வலைசர்ல இறக்கிக்கங்க, ராஜாவோட பேஸ் கிட்டார் ஒவ்வொரு நோட்டும் தனியா கேக்கணும், மொத்தமா கும்மு கும்முன்னு வரக்கூடாது.

குமுளிக்காரன்:
அந்த பெரிய சோனியை மேல மழைக்கு கொண்டு போவாதீங்க, அதுக்கு தண்ணி தாங்குற ரேட்டிங் ஒண்ணும் கிடையாது. மிதுனம் கர்க்கடகத்துல எங்க பக்கம் மழை சொல்லிக்கிட்டு வராது. பாலியை மட்டும் எடுத்துக்கிட்டு ஏறுங்க.

தேனிக்காத்து:
டவர் பிரச்சனைக்கு, வண்டன்மேட்டுல உங்க தோட்டக்காரங்க என்ன சிம் வச்சிருக்காங்கன்னு கேட்டு அதுல ஒரு ரெண்டாவது சிம் போட்டுக்கங்க. ஹெட்செட்டை விட அது தான் மேல அதிகம் உதவும்.

வாங்குறப்ப டப்பால பிஐஎஸ் தரக்குறியும் ஆர்-னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கான்னு பாருங்க, பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த நம்பரை போட்டா எந்த கம்பெனி, எந்த பொருள்னு வரும். பாதி விலைக்கு சோனின்னு விக்கிறதை தொடாதீங்க. ஜிஎஸ்டி பில்லு கட்டாயம், ஒரு வருஷ வாரண்டிக்கு அதை தான் கேப்பாங்க.

ஏலத்தட்டை:
சரிண்ணே, 720உம் பாலியும் தான். ரெண்டும் சேத்து பட்ஜெட்டுக்குள்ள வந்துரும் போல. வீட்டுல "எதுக்கு ரெண்டு"ன்னு கேப்பாங்க, அதுக்கு பதில் தான் இன்னும் தயாரா இல்ல 😅 ஒரு சந்தேகம், ரெண்டையும் ஒரே போன்ல வச்சிருந்தா கால் எதுல அடிக்கும்?

தேனிக்காத்து:
குழப்பிக்கும், அதனால முதல்லயே பிரிச்சு விட்டுருங்க. போன்ல ப்ளூடூத் போயி சோனி பேருக்கு பக்கத்துல இருக்குற சக்கரத்தை தொட்டா "போன் கால்", "மீடியா ஆடியோ"ன்னு ரெண்டு சுவிட்ச் இருக்கும். சோனிக்கு போன் காலை அணைச்சிருங்க, பாலிக்கு மீடியாவை அணைச்சிருங்க. லேப்டாப்ல மீட்டிங் ஆப்புக்கு உள்ள மைக்குன்னு லேப்டாப் மைக்கையே குடுங்க, சோனியை ஸ்பீக்கரா மட்டும் வைங்க, அப்ப பாட்டு வழியிலயே நிக்கும், பழைய கிணத்து கதை வராது.

ஏலத்தட்டை:
சுவிட்ச் இப்பவே நெக்பேண்டுக்கு இருக்குறதை பாத்துட்டேன். புதுசு வந்ததும் மேட்டுல இருந்து போடிக்கு ஒரு கால் போட்டுட்டு வந்து சொல்றேன்.